அடியிலிருந்து ஆறும் புண்

அகராதி நிலையத்தில் ஒரு விதி உண்டு. கண்ணால் காணாத ஒன்றுக்குக் கையால் பொருள் எழுதலாகாது. விதியை வகுத்தவர் முதன்மை ஆசிரியர். அதனால் அதிகம் அல்லற்பட்டவரும் அவரே.

ஆங்கில எழுத்து வரிசையில் ஆறாம் எழுத்துக்கு வந்த நாள்முதல் அந்த விதி நிலையத்தையே ஆட்டிவைத்தது. நொதிப்பதைக் குறிக்கும் 'ஃபெர்மென்ட்' என்ற சொல்லுக்காகத் திராட்சைச் சாறு நிரப்பி இறுக மூடிவைத்த ஜாடி ஒரு நண்பகலில் வெடித்து, கூரையில் கருஞ்சிவப்பாய் ஒரு தீவை வரைந்தது. 'ஃபெரெட்' என்ற சொல்லுக்காக, கீரியின் சாயல்கொண்ட அச்சிறு விலங்கை வளர்ப்புப் பிராணிக் கடையிலிருந்து இரவல் வாங்கிவந்தபோது, அது மெய்ப்புத் திருத்துநரின் கட்டைவிரலைத் திருத்திவிட்டுப் போயிற்று. 'ஃபெரி' என்ற சொல்லுக்காக ஆசிரியர் ஒரு பகல் முழுதும் படகில் அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் போய்வந்தார். மாலையில் படகுத்துறைக் காவலர் அவரை ஓரமாக அழைத்து, வீட்டில் ஏதேனும் மனக்கஷ்டமா என்று பரிவோடு விசாரித்தார்.

அடுத்து வந்து நின்ற சொல் 'ஃபெஸ்டர்'. புண் ஆறாமல் உள்ளுக்குள் முற்றிக் கெடுவதைக் குறிப்பது. முன்னோர் தொகுத்த அகராதிகள் அதற்குச் 'சீழ்பிடி' என்றும் 'அழுகு' என்றும் பொருள் தந்திருந்தன. ஆசிரியருக்கு இரண்டும் ஒட்டவில்லை. பழம் அழுகும், அதற்கு இந்தச் சொல் வருவதில்லை. சீழ் பிடித்த கொப்புளம் உடைந்து ஒரே நாளில் வற்றிவிடும். அதற்கும் இது பொருந்துவதில்லை. சொல்லின் உள்ளே வேறேதோ இருக்கிறது. அதைக் கண்டாக வேண்டும்.

காண்பதற்கு அவசரமும் இருந்தது. அவருடைய மகள் தொலைவில் வேறோர் ஊரில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். துணைக்கு மனைவி முன்னரே போய்விட்டார். இந்தச் சொல்லோடு முடியும் பகுதியை அச்சுக்கு அனுப்பியவுடன் ரயிலேறி வந்து, பிறக்கும் குழந்தையைத் தாமே முதலில் கையில் வாங்குவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சொற்களுக்கு வாழ்நாளைக் கொடுத்த அவருக்கு, சொல் இன்னும் பிறவாத ஒரு வாயைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை நெஞ்சு நிறைய இருந்தது.

எனவே தம் அக்காவுக்குத் தொலைபேசினார். அக்கா பெரிய மருத்துவமனையில் ஆறாப் புண்களுக்கென்றே அமைந்த பிரிவின் தலைமை அறுவை மருத்துவர்.

"அக்கா, உன் வார்டுல நல்லா முத்திப்போன புண்ணு ஏதாவது இருந்தா, ஒரு நாள் வந்து பாத்துக்கட்டுமா?"

"என் பேஷண்டுங்க என்ன பொருட்காட்சியா? வேற சொல்லைப் பாரு."

"வேற சொல்லுக்குப் போகணும்னா இதைத் தாண்டணுமே."

"அப்பத் தாண்டாத. அங்கேயே உக்காரு."

அங்கேயே உட்கார்ந்த அவருக்குத் திருவருள் துணை செய்தது என்றுதான் சொல்லவேண்டும். அது வந்த வழி மட்டும் சற்றுக் கூர்மையானது. ஆசிரியரின் அறை மேற்கு நோக்கியது. வெயில் மறைக்கச் சன்னலில் மூங்கில் தட்டி தொங்கியது. வெயிலில் காய்ந்து காய்ந்து அதன் கீழோரம் பிய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஆழ்ந்து சிந்திக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு உலாவுவது அவர் வழக்கம். அன்று 'ஃபெஸ்டர்' குறித்துச் சிந்தித்தபடி உலாவியவரின் வலது உள்ளங்காலில் மூங்கில் சிராய் ஒன்று நேராக ஏறியது. இடுக்கியால் தாமே பிடுங்கி எடுத்து, அதன் நீளத்தைக் கண்டு வியந்து, எல்லாரிடமும் காட்டிவிட்டுக் குப்பையில் போட்டார்.

காயம் விரைவிலேயே மூடிக்கொண்டது. பிறகு அந்த இடம் சிவந்தது; சூடேறியது; அழுத்தினால் கடுகளவு சீழ் எட்டிப் பார்த்தது; மறுபடி மூடிக்கொண்டது. மூடிய தோலைப் பார்த்தால் ஒன்றுமே நிகழாதது போலிருந்தது. காலை ஊன்றினால் மட்டும் உள்ளே ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது.

வேறு யாராயிருந்தாலும் மருத்துவரிடம் போயிருப்பார். ஆசிரியரோ கைக்கண்ணாடியையும் மெய்ப்புப் பார்க்கும் உருப்பெருக்கியையும் எடுத்துக்கொண்டு, கட்டிலில் அமர்ந்து, காலை மடக்கி, தவம் பலித்த முனிவர்போலத் தம் உள்ளங்காலைத் தரிசித்தார். தேடிய சொல் தேடிவந்து காலடியில் கிடந்தது. இப்போது அக்காவிடம் காட்டினால் அவள் ஒரே கீறலில் அதைக் குணப்படுத்திவிடுவாள். அப்புறம் எதைப் பார்த்து எழுதுவது? இன்னும் சில நாள் முற்றட்டும் என்று முடிவு செய்தார்.

அன்று மாலை மனைவி அழைத்தார். "ஏங்க, குரல்ல ஒரு குஷி தெரியுதே. நான் வீட்டுல இல்லாதது அவ்வளவு நல்லாவா இருக்கு?"

"வேலை நல்லாப் போகுது. அதான்."

"யாரையாவது கடிக்க விட்டீங்களா?"

"இல்ல, இல்ல. இந்தத் தடவை யாருக்கும் ஒண்ணும் ஆகல," என்றார் ஆசிரியர், காலை மெத்தையில் மெல்ல நீட்டியபடி.

நிலையத்தில் இதை முதலில் கண்டுபிடித்தவர் துணையாசிரியை. அவருக்குக் காற்புள்ளி என்று பெயர் வைத்தவரே ஆசிரியர்தாம். எதைச் சொன்னாலும் பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்கி, அதன் பின்னரே உண்மையைச் சொல்லும் இயல்பினர் அவர்.

"சார், நடக்கும்போது ஒரு கால் மட்டும் சாய்வெழுத்துல இருக்கே."

"உனக்கு ஒரு அதிசயம் காட்டறேன், வாம்மா," என்று ஆசிரியர் கதவைச் சாத்திவிட்டு, அடுக்கிவைத்த அகராதிகளின்மேல் காலைத் தூக்கி வைத்தார். "பாத்தியா? மேல தோல் மூடியிருக்கு. ஆறிட்ட மாதிரி நடிக்குது. வேலையெல்லாம் உள்ள நடக்குது. இதுதான் அந்தச் சொல். சீழ்பிடின்னு எழுதினவங்க ஒருத்தரும் இதைப் பக்கத்துல வெச்சுப் பாக்கல."

காற்புள்ளி குனிந்து பார்த்தார். "ரொம்பத் தெளிவா இருக்கு சார்," என்றார், நிறுத்தினார், மூச்சு வாங்கினார். "ஆனா, இது உங்க கால்."

"இன்னும் ரெண்டு நாள் விட்டா இன்னும் தெளிவாயிடும்."

"சரிங்க சார்," என்று பணிவோடு வெளியேறிய காற்புள்ளி, படியிறங்கித் தெருவுக்குப் போய், சைக்கிள் பழுதுபார்க்கும் கடையின் வாசலில் நின்று மருத்துவமனைக்குத் தொலைபேசினார்.

அக்கா வந்தபோது, மாடிப்படி அதிரும் ஓசையிலேயே ஆசிரியருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. காலைச் செருப்புக்குள் ஒளித்தார்.

"கழட்டு."

"அக்கா, நானே உனக்கு..."

"பேசாதடா. கழட்டு."

அவர் காலைப் பார்த்த அக்கா, அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்: மேசைமேல் உருப்பெருக்கி, அதன் அருகே கைக்கண்ணாடி, அதன் அருகே உள்ளங்காலின் வரைபடம் ஒன்று, வண்ணப் பென்சிலில். "ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் அகராதி பிடிச்சா தலைக்கு ஏறும். உனக்குக் கால்ல இறங்கியிருக்கு," என்றார். "நட. வண்டி கீழ நிக்குது."

மருத்துவமனையின் சிறிய அறுவை அறை வெண்மையாகவும் குளிர்ந்தும் இருந்தது. குப்புறப் படுத்திருந்த ஆசிரியர், மரத்துப்போகும் ஊசி போட்டபின் முதலில் கேட்டது கண்ணாடி. கொடுக்கப்படவில்லை. அக்கா மெல்லிய வெள்ளிக் கம்பி ஒன்றைப் புண்ணின் வாயில் வைத்தார். அது தடையின்றி உள்ளே போயிற்று.

"எவ்வளவு ஆழம்?" என்று தலையணைக்குள்ளிருந்து கேட்டார் ஆசிரியர்.

"உன் வாய் அளவு."

பிறகு கத்தி பேசியது. சிறிது நேரத்தில் அக்கா இடுக்கியில் ஒன்றைப் பிடித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று நீண்ட ஒரு துண்டு, கறுத்து ஊறிப்போய். "முழுசா எடுத்துட்டேன்னு ஊரெல்லாம் காட்டினியாமே. இது யாரோடது?"

ஆசிரியர் அந்தத் துண்டையே பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது, தோள்கள் குலுங்கின, சிரிப்பு அடக்கமாட்டாமல் வெளிவந்தது.

"டேய், ஆடாத. வெட்டிக்கிட்டு இருக்கேன்."

"அக்கா, அது மூங்கில். உனக்குப் புரியுதா? அந்தச் சொல்லோட பூர்வீகம் என்ன தெரியுமா? இங்கிலீஷ்காரன் அதைப் பழைய பிரெஞ்சுக்காரன்கிட்ட வாங்கினான். பிரெஞ்சுக்காரன் லத்தீன்காரன்கிட்ட வாங்கினான். லத்தீன்ல அது ஃபிஸ்டுலா."

"எனக்கா சொல்லித்தர்ற? ஃபிஸ்டுலாவைத் தினம் பாக்கறவ நான். உடம்புக்குள்ள இருக்கக்கூடாத ஒரு வழி."

"அது உங்க ஆளுங்க அப்புறமா வெச்ச அர்த்தம். அதுக்கு முன்னாடி அது குழாய். நாணல். வாயில வெச்சு ஊதற குழல்."

அக்காவின் கை ஒரு கணம் நின்றது. "நெசமாவா? புல்லாங்குழலா?"

"ஆமா. மேல சின்ன வாய், உள்ள நீளமாத் துளை. அப்படி ஒரு புண்ணைப் பாத்த அந்தக் காலத்து வைத்தியனுக்குக் குழல் ஞாபகம் வந்திருக்கு. முதல்ல அந்தப் புண்ணுக்கே அதான் பேரு. அப்புறம்தான் புண்ணு அப்படி ஆகறதுக்கு வினைச்சொல்லாச்சு. அதுக்கும் அப்புறம், மனசுல மூடிவெச்சுப் புழுங்கற பகைக்கு."

ஆநிரை மேய்த்தவன் இதழில் வைத்தபோது உலகம் மெய்மறந்த அதே துளைக்கோலை, மற்றொரு நாட்டில் ஒருவன் நோயாளியின் தசைக்குள் கண்டிருக்கிறான். ஒன்று காற்றை இசையாக்கியது. மற்றொன்று உள்ளிருப்பதைச் சீழாக்கியது. வடிவம் ஒன்றே. ஆசிரியர் இதை நினைத்து உருகிக்கொண்டிருக்க, அக்கா புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மூங்கில் குத்திக் குழல் வந்திருக்கு உனக்கு. கொடுத்து வெச்சவன்தான்," என்றார் அக்கா. அவர் குரலிலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஆனா ஒரு திருத்தம் குறிச்சுக்கோ. ஃபிஸ்டுலான்னு நாங்க சொல்லணும்னா ரெண்டு பக்கமும் வாய் இருக்கணும். உனக்கு ஒரு வாய்தான். ஒரு வாய் இருந்தா அது சைனஸ்; மூக்குல வர்றது வேற."

"ஒரு வாய்தானா?" ஆசிரியரின் குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

"உனக்கு இருக்கற வாயே அதிகம்."

தையல் போடவில்லை. மெல்லிய நாடாபோல் வெட்டிய காஸ் துணியை மருந்தில் நனைத்து, புண்ணின் அடிவரை மடித்து மடித்துத் திணித்தார். மரத்துப்போன காலிலும் அது உறைத்தது.

"வாயைத் தொறந்தே விட்டுட்டியே அக்கா."

"தொறந்துதான் இருக்கணும். மேல மூடினா உள்ள மறுபடி குழல் ஊதும். அடி முதல்ல நிரம்பணும், அப்புறம் நடு, வாய் கடைசில தானா மூடும். அதுவரைக்கும் தினம் நாடாவை மாத்தணும். அது வரைக்கும் ஊர் உலகம் எதுவும் கிடையாது."

ஆசிரியர் தலையைத் தூக்கினார். "ரயில்?"

"ரயிலும் கிடையாது."

"அக்கா, குழந்தை பொறக்கப்போகுது. நான்தான் முதல்ல வாங்கறேன்னு சொல்லியிருக்கேன்."

"குழந்தைக்கு உன் கால் வேணாம். போன இடத்துல நாலு பேர் கூடினா நீ புண்ணை மறந்துடுவ. இல்லேன்னா உக்காந்து படம் வரைவ. உன்னை நம்ப முடியாதுடா. சொந்தக் காலைக் கண்காட்சியா வெச்சிருந்தவன்." அக்கா கையுறையைக் கழற்றினார். "அடி நிரம்பி வாய் மூடினா, அன்னிக்கே போ. நான் தடுக்கல."

மறுநாள் ஊன்றுகோலோடு நிலையத்துக்கு வந்த ஆசிரியர், காலை நாற்காலியில் நீட்டிவைத்து, கண்டதையும் கேட்டதையும் காற்புள்ளிக்கு விரித்துரைத்தார். காற்புள்ளி கேட்டார், எழுந்துபோய்ப் பழந்தமிழ்ச் சொற்களின் தொகுதி ஒன்றைத் தூக்கிவந்தார், நெடுநேரம் புரட்டினார்.

"சார், 'புரையோடின புண்ணு'ன்னு சொல்றோமே," என்றார், நிறுத்தினார். ஆசிரியர் பொறுமையிழந்து மேசையைத் தட்டினார். "புரைன்னா, உள்துளை. குழாய்."

கீழே சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்தைச் சுழலவிட்டு மணியடித்துப் பார்த்தார்கள்.

"நம்ம ஆளும் அதையேதான் பாத்திருக்கான்," என்றார் ஆசிரியர் மெதுவாக. கடல் கடந்த நாட்டில் ஒருவன் பார்த்தான். இங்கே ஒருவன் பார்த்தான். இருவரும் ஒருவரையொருவர் அறியார். இருவருக்கும் புண்ணுக்குள் குழாய் தெரிந்தது. கண்டு எழுது என்னும் விதியை அவர்கள் இருவரும் அவருக்கு முன்னரே கைக்கொண்டிருந்தார்கள். ஆசிரியருக்குக் கண் கலங்கியது. பிரிந்திருந்த உறவினர் இருவரைத் தாமே சேர்த்துவைத்ததுபோல் மகிழ்ந்தார்.

"ஆனா சார்," என்றார் காற்புள்ளி, "இது நம்ம எல்லார் வாயிலயும் தினம் வர்ற சொல்தானே. இதுக்காக ஒரு காலைக் கெடுத்துக்கணுமா?"

"கெடாம இருந்தா உனக்கு இது தோணியிருக்குமா?"

காற்புள்ளி தொகுதியை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆசிரியர் அதை வெற்றியாகக் கொண்டார்.

மாலைதோறும் அக்கா பணி முடிந்து தம்பியின் வீட்டுக்கு வந்தார். பழைய நாடாவை இழுத்தெடுத்தார், கழுவினார், புதிய நாடாவை வைத்தார். முதலில் நடுவிரல் நீளத்துக்கு நாடா உள்ளே போயிற்று. பிறகு சுண்டுவிரல் நீளம். பிறகு அதிலும் பாதி. நாடா குறையக் குறைய ஆசிரியரின் நம்பிக்கை நீண்டது. ஆனால் குழந்தை அவருடைய காலுக்காகக் காத்திருக்கவில்லை. நாள் குறித்ததற்கு முன்பே ஒரு மாலைப்பொழுதில், அக்கா கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோதே, மனைவி அழைத்தார். ஆசிரியர் தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"பேத்தி," என்றார்.

அகராதி முழுவதையும் கையில் வைத்திருந்தவருக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை. பிறகு, "யார் மாதிரி இருக்கா?" என்றார்.

"கண்ணு உங்க மாதிரி. மூக்கு உங்க அக்கா மாதிரி. பாவம், பொம்பளப் புள்ளை."

"கேட்டுட்டுத்தான் இருக்கேன்," என்றார் அக்கா, கத்தரியைக் கீழே வைக்காமல்.

"கேக்கணும்னுதான் சொன்னேன், அண்ணி. உங்க மூக்கு இல்லேன்னா அழகே இல்ல அவளுக்கு."

மகளின் குரல் களைத்தும் மகிழ்ந்தும் கேட்டது. "அப்பா, நீங்கதான் முதல்ல வாங்கறேன்னு சொன்னீங்க. நர்ஸ் வாங்கிட்டாங்க. அம்மா வாங்கிட்டாங்க. அவரும் வாங்கிட்டாரு. நீங்க எப்ப வர்றீங்க?"

"இதோ வந்துடறேன்மா. கால் ஆறிட்டே இருக்கு."

தொலைபேசியை வைத்தபின் அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா கட்டின் முனையை ஒட்டியபடி, "இல்ல," என்றார். அவர் இன்னும் கேட்கவே இல்லை.

அடுத்த வாரம் அக்காவுக்கு அயலூர் மருத்துவமனை ஒன்றில் அரிய அறுவை ஒன்று வந்தது. போவதற்குமுன் நாடா வைக்கும் முறையைத் தம்பிக்குக் கற்றுக்கொடுத்தார். "அடி வரைக்கும் போகணும். வலிச்சா சரியாப் போகுதுன்னு அர்த்தம். நாளான்னிக்குச் சாயங்காலம் வந்து பாக்கறேன். வாய் மூடியிருந்தா அப்பப் பேசலாம்."

மறுநாள் பிற்பகல் ஆசிரியர் தம் அறையில் அமர்ந்து அந்தப் பதிவை எழுதி முடித்தார். அது இவ்வாறு இருந்தது:

'ஃபெஸ்டர். வினைச்சொல். 1. புண் மேற்புறம் மூடி, அடி ஆறாமல், உள்ளே குழல்போல் துளைபட்டுச் சீழ்கொள்ளுதல், புரையோடுதல். 2. பகை, மனக்குறை முதலியன வெளியே ஆறியதுபோல் தோன்றி, உள்ளே முற்றுதல். குழலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியே வந்தது.'

எழுதியதைப் பொருளோடு ஒத்துப் பார்ப்பது விதியின் மறுபாதி. கதவைச் சாத்திக் கட்டைப் பிரித்தார், நாடாவை உருவினார், கண்ணாடியில் பார்த்தார். அழகிய சிவப்பில் புதுத்தசை வளர்ந்திருந்தது. வாயின் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று தொட்டுவிடும் தூரத்தில் நின்றன. அருகே தட்டில் நனைத்து வைத்த புதிய நாடா கிடந்தது. மேசை இழுப்பறையில், முன்னரே வாங்கிவைத்துப் பலமுறை தேதி மாற்றிய ரயில் சீட்டு இருந்தது. நாளை இரவு வண்டிக்கு.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இன்று நாடாவை வைக்காமல் விட்டால் என்ன? நாளை மாலைக்குள் விளிம்புகள் ஒட்டிவிடும். அக்கா களைத்து வருவாள். மூடிய தோலைப் பார்ப்பாள். 'போ' என்பாள். இரவு வண்டி; விடிந்தால் பேத்தி. உள்ளே மிஞ்சியிருப்பது நகக்கண் அளவு பள்ளம்தானே. அது தானாக ஆறினாலும் ஆறும்.

தட்டை அப்பால் நகர்த்திவைத்தார். கட்டைச் சுற்றுவதற்காகக் காலை மடித்தவரின் பார்வை மேசைமேல் இருந்த பதிவின்மேல் விழுந்தது. மை இன்னும் உலரவில்லை. முதற்பொருளை ஒருமுறை படித்தார். காலைப் பார்த்தார். மறுபடி படித்தார். மூடிய வாயோடு அக்காவின் முன் நிற்கப்போகும் தம் முகம் நினைவில் வந்தது. இரண்டாம் பொருளும் அங்கே காத்திருந்தது. தம் கையால் எழுதிய சொல்லுக்குத் தாமே உதாரணமாக நிற்கப் புறப்பட்ட வேடிக்கையை எண்ணியபோது அவருக்கு வெட்கம் வந்தது. வெட்கத்தை முந்திக்கொண்டு சிரிப்பு வந்தது.

தட்டை இழுத்தார். நாடாவை எடுத்தார். கடவுளை ஒருமுறை நினைத்துக்கொண்டு, அக்கா சொன்னபடி அடி வரைக்கும் வைத்தார்.

அவர் எழுப்பிய ஒலி அகராதியில் இடம்பெறத்தக்கதன்று.

அடுத்த அறையிலிருந்து காற்புள்ளி குரல் கொடுத்தார். "சார், ஏதாவது சொன்னீங்களா?"

"வினைச்சொல்லுக்கு உதாரணம் சொன்னேன்மா," என்றார் ஆசிரியர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்தா, பதிவு முடிஞ்சுது. அச்சுக்கு அனுப்பிடு."

சீட்டைக் கிழிக்க மனமில்லாமல் மறுபடி இழுப்பறையில் வைத்தார்.

மறுநாள் மாலை அக்கா நேரே நிலையத்துக்கு வந்தார். தோளில் பெரிய பை. வந்தவர் தம்பியின் காலைத் தூக்கி மடியில் வைத்துக் கட்டைப் பிரித்தார். நாடா இருந்தது. அதை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, அதன் முனையைப் பார்த்தார். கம்பியை விட்டுப் பார்த்தார். நகக்கண் அளவே போயிற்று.

"நீயா வெச்ச?"

"ஆமா."

"அடி வரைக்கும் போயிருக்கே. கத்தினியா?"

"சைக்கிள் கடைக்காரர் மேல வந்து பாத்துட்டுப் போனாரு."

அக்கா புண்ணைக் கழுவினார். கழுவும் கை வழக்கத்தைவிட மென்மையாக இருந்தது. "நேத்து இதை வெக்காம விட்டிருந்தா இன்னிக்கு மூடியிருக்கும். தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தோணலியா?"

"தோணாம இல்ல."

"அதான பாத்தேன். உன்கூட வளந்தவ நான்." புதிய நாடாவை வைத்துக் கட்டினார். எழுந்தார். "கிளம்பு. வண்டிக்கு நேரமாகுது."

ஆசிரியர் திகைத்தார். "இன்னும் ஆறலையே அக்கா."

"ஆறல. ஆறிட்டு இருக்கு. தொறந்த வாயைப் பாத்து நான் என்னிக்குமே பயந்ததில்ல. பாத்துக்க ஒரு ஆள் இருந்தா அது எந்த ஊருக்கு வேணாப் போகலாம். மூடிட்டு வந்து 'ஆறிடுச்சு'ன்னு நிப்பியோன்னுதான் பயந்தேன். நின்னிருந்தா ரயில் என்ன, வாசப்படியே தாண்டியிருக்க மாட்ட."

"போன இடத்துல யார் பாத்துப்பாங்க?"

அக்கா தோள்பையைத் திறந்து காட்டினார். மேலே கட்டுத்துணிகளும் மருந்தும் இருந்தன. கீழே மடித்த புடவைகள். அவற்றின்மேல் வண்ணத்தாள் சுற்றிய ஒரு கிலுகிலுப்பை.

"என் மூக்கோட ஒருத்தி பொறந்திருக்கா. நான் போய்ப் பாக்க வேணாமா?" என்றார். அறுவை மருத்துவராகி இத்தனை ஆண்டுகளில் அவர் கேட்டுப் பெற்ற முதல் நீண்ட விடுப்பு அது. "நீ வர்றியோ இல்லையோ, நான் போறதா இருந்தேன்."

ரயிலில் விளக்கடியில், கீழ்ப்படுக்கையில் காலை நீட்டிய தம்பிக்கு அக்கா கட்டுப் பார்த்தார். எதிரே இருந்த பயணி முகத்தைச் சுளித்து, "பாம்பா சார்?" என்று கேட்டார்.

"குழல்," என்றார் ஆசிரியர்.

பயணி மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமலே ஆசிரியர் சொல்லத் தொடங்கினார், லத்தீனிலிருந்து தொடங்கினார். அவர் பிரெஞ்சுக்கு வருவதற்குள் பயணி மேற்படுக்கைக்கு ஏறிவிட்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

மகளின் வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தார். ஊன்றுகோலைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், அண்ணியின் பையைப் பார்த்தார். "இந்தத் தடவை யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னீங்க."

"யாருக்கும் ஆகல. எனக்குத்தான்."

"உங்களை அப்புறம் வெச்சுக்கறேன். உள்ள வாங்க. வாங்க, அண்ணி."

மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஆசிரியர் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு நாற்காலியில் அமர்ந்தார். துணியில் பொதிந்த சிறு சுமையை மகள் அவர் கைகளில் வைத்தாள். "முதல்ல இல்ல. ஆனாலும் வந்துட்டீங்க," என்றாள். ஆசிரியர் பேத்தியின் முகத்தைப் பார்த்தார். கண்கள் மூடியிருந்தன. மூக்கு ஐயத்துக்கிடமின்றி அக்காவுடையது. விதிப்படி கண்டாயிற்று; எழுதுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. இதழ்கள் அசைந்தன, முகம் சிவந்தது, அடுத்த கணம் அந்தச் சின்னஞ்சிறு தொண்டையிலிருந்து எழுந்த ஓசை அறையை நிறைத்து, சன்னல் வழியே தெருவுக்கும் போயிற்று.

எல்லாரும் பதறி எழுந்தார்கள். ஆசிரியர் மட்டும் அசையாமல், கண் நனைய, கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா குனிந்து, தொழில் வழக்கத்தில் தலை சாய்த்து, அந்த அழுகையைக் கூர்ந்து கேட்டார்.

"நல்ல குழல்டா," என்றார். "அடைப்பே இல்ல."